அருவிப் பாதையில் இளைப்பாறும் மீரா

மீரா சாகிபு அந்த ஏலத்துக்குப் போனது கப்பிகளுக்காக. பினாங்கு பீச் ஸ்ட்ரீட்டில் கயிறும் நங்கூரச் சங்கிலியும் விற்கிற மனிதருக்குப் படம் எதற்கு? சீமைக்குத் திரும்பிப் போகிற ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் வீட்டுச் சாமான்களைக் கூறு கூறாகக் கட்டி விற்றது. பதினாலாம் கூறில் இரண்டு பித்தளைக் கப்பி, ஒரு கப்பல் விளக்கு, ஒரு அட்டைக் கட்டு. எடுத்து வந்து பார்த்தால் கப்பி இரண்டிலும் விரிசல், விளக்கில் கண்ணாடி இல்லை. வெள்ளைக்காரனை மூன்று தலைமுறைக்குத் திட்டிவிட்டு அட்டைக் கட்டைப் பிரித்தார். உள்ளே ஒரு பென்சில் படம் இருந்தது.

ஒரு முழ அகலம். மலை, மலையிலிருந்து விழும் அருவி, அருவியை நோக்கி வளைந்து போகும் மண் பாதை, இடது ஓரத்தில் பாதி வானத்தை மறைக்கும் ஒரு மரம், பாதையோரம் உட்கார்ந்திருக்கும் நாலு ஆட்கள். ஒவ்வொரு ஆளும் கட்டைவிரல் நகத்தளவு. அடியில் இங்கிலீஷில் ஏதோ எழுதியிருந்தது. பக்கத்துக் கடையில் கணக்கு எழுதும் கிராணி வந்து வாசித்துச் சொன்னார்: ‘மீராவும் மற்றவர்களும் இளைப்பாறுகிறார்கள். அருவிப் பாதை, பினாங்கு, 1827.’

மீரா சாகிபு பெயரையும் வருஷத்தையும் மட்டும் இன்னும் இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார். பிறகு கடையை அடைக்கச் சொன்னார். பட்டப்பகலில் அந்தக் கடை அடைபட்டது அவர் வாப்பா மௌத்தான நாளுக்குப் பிறகு அன்றுதான்.

விஷயம் இதுதான். அவர்கள் தெருத் தர்காவில் வருஷா வருஷம் கந்தூரி நடக்கும். கந்தூரி அன்று சந்தனக் குடத்தை யார் தலையில் வைப்பது என்பதற்கு ஒரு வழக்கம் உண்டு: இந்தத் தீவில் எந்தக் குடும்பம் முதலில் கால் வைத்ததோ அந்தக் குடும்பத்து மூத்தவர் தலையில். ஜவுளிக்கடை அப்துல் ஹமீது வீட்டாரிடம் 1831 என்று தேதி வெட்டிய மீசான் கல் ஒன்று இருந்தது. அவருடைய பாட்டனாரின் வாப்பா கபுருக்குத் தலைமாட்டில் நட்ட கல். அதைவிடப் பழைய ஆதாரம் யாரிடமும் இல்லை. ஆகவே குடம் அவர்கள் வீட்டுச் சொத்து மாதிரி ஆகிவிட்டது.

முப்பத்தொரு வருஷத்துக்கு முன்னால் ஒரு கந்தூரியில் மீரா சாகிபுவின் வாப்பா சும்மா ஆசைப்பட்டு, குடத்துக்குப் பின்னால் போகும் சந்தனத் தட்டைக் கையில் எடுத்தார். அப்துல் ஹமீதுவின் வாப்பா அத்தனை பேர் நடுவில் அதைப் பிடுங்கிக்கொண்டு, “பண்டுவான் வீட்டுக் கை இதுல படக் கூடாது” என்றார். பண்டுவான் என்றால் கம்பெனிக்காரன் காலில் இரும்பு மாட்டிக் கப்பலேற்றி அனுப்பிய கைதி. ரோடு போட, காடு வெட்ட, சதுப்பு தூர்க்க. அப்படி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் ஊரில் இல்லாமலா இருப்பார்கள்? ஆனால் நான்தான் அது என்று சொன்னவன் எவனும் இல்லை. மீரா சாகிபுவின் வாப்பா கூட்டத்தை விலக்கிக்கொண்டு நடந்தார். வீட்டுக்கு வந்தார், கை கழுவினார். அதற்குப் பிறகு ஆறு வருஷம் உயிரோடு இருந்தார், கந்தூரி நடக்கிற தெருப் பக்கம்கூடப் போகவில்லை. இருபத்தொரு வயதில் அதைப் பக்கத்தில் நின்று பார்த்த மகனுக்கு இப்போது ஐம்பத்திரண்டு. ஒரு நாள்கூட அவர் அதை மறந்தது கிடையாது.

அவர் வாப்பாவின் பாட்டனார் பெயரும் மீரா சாகிபுதான். பாக்கு வியாபாரத்துக்கு வந்தவர் என்று வீட்டில் சொல்வார்கள். இதோ அவர், 1827-இல், அருவிப் பாதையில், ஒரு வெள்ளைக்காரன் உட்கார்ந்து வரைகிற அளவுக்குப் பெரிய மனிதராக இளைப்பாறுகிறார். 1827 முந்தியதா, 1831 முந்தியதா?

“மொகமே தெரியலியே” என்றார் மனைவி சபூரா.

“நெழல்ல இருக்காரு.”

“வெயில்லதானே உக்காந்திருக்காரு?”

“ஒனக்குப் படம் பாக்கத் தெரியாது” என்றார் மீரா சாகிபு. தனக்கும் தெரியாது என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. படத்தைக் காட்டிக் குடத்தைக் கேட்டால் தர்கா கமிட்டியில் கேள்வி கேட்பார்கள். அப்துல் ஹமீது சும்மா விடுவாரா?

அதனால் சர்வே ஆப்பீஸ் பெர்னார்ட் வந்தார். அவர் வேதக்காரர். இருபத்தாறு வருஷமாக வரைபடம் வரைகிறவர். ஒல்லியான ஆள், எப்போதும் வெள்ளைக் கோட்டு. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வார், கேட்காததைச் சொல்லவே மாட்டார். அந்த ஒரு குணத்தால்தான் ஐந்து துரைமாருக்குக் கீழே வேலையைத் தக்க வைத்துக்கொண்டார் என்று அவரே பெருமையாகச் சொல்வார். சனிக்கிழமை மத்தியானம் கடைக்கு வருவது, கோப்பி குடிப்பது, படத்தைச் சொல்லிக் கொடுப்பது என்று பேச்சு.

முதல் சனிக்கிழமை அவர் பூதக்கண்ணாடியை எடுத்துப் படத்தின் மேல் குனிந்தார். இடது மூலையிலிருந்து வலது மூலை வரை ஒரு அங்குலம் விடாமல் பார்த்தார். கோப்பி ஆறிப்போய்விட்டது. பிறகு நிமிர்ந்து, “நல்ல கை” என்றார்.

“எங்க பாட்டனாரா?”

“வரைஞ்சவனச் சொன்னேன், பாய். மொதல்ல வெளிச்சம் எங்கேருந்து வருதுன்னு பாருங்க.”

“சூரியன்லேருந்து.”

“எந்தப் பக்கம்?”

“சூரியனயே காணோமே.”

“மரத்தப் பாருங்க. எடது பக்கம் தாளை அப்படியே வெறுமனே விட்டிருக்கான். வலது பக்கம் கோடு கோடா இழுத்து இருட்டாக்கியிருக்கான். அப்போ வெளிச்சம் எடது பக்கத்துலேருந்து வருது. இந்தப் படத்துல எது நிழல் விட்டாலும் வலது பக்கம்தான் விடணும். மரம், கல்லு, மனுஷன், யாரா இருந்தாலும்.”

“அருவிக்கு ஒரு கோடுகூட இல்லியே?”

“அருவிய அவன் வரையவே இல்ல. சுத்தி உள்ள பாறைய வரைஞ்சிட்டு அந்த எடத்த விட்டுட்டான். வெள்ளைய வரைய முடியாது பாய், விடத்தான் முடியும்.”

மீரா சாகிபுவுக்கு இது பிடித்திருந்தது. ஒன்றும் செய்யாமல் விட்ட இடம்தான் படத்திலேயே பளிச்சென்று இருந்தது.

இரண்டாம் சனிக்கிழமை பெர்னார்டுக்குக் கோபம் வந்தது. காரணம் மலை. “நம்ம மலை ரெண்டாயிரத்துச் சொச்சம் அடி. அளந்த கூட்டத்துல நானே இருந்திருக்கேன். இவன் ஆறாயிரம் அடிக்குத் தூக்கி வச்சிருக்கான். இந்த ஓரத்துல இடிஞ்ச சுவர் ஒண்ணு இருக்கு பாருங்க, அப்படி ஒண்ணு அந்தப் பாதையில எந்தக் காலத்துலயும் கெடையாது. எங்க ஆப்பீஸ்ல இப்படி வரைஞ்சா சீட்டைக் கிழிச்சு வீட்டுக்கு அனுப்பிடுவாங்க.”

“பின்ன ஏன் வரைஞ்சான்?”

“அந்தக் காலத்து வெள்ளைக்காரனுக்கு மலையப் பாத்தா நெஞ்சு படபடன்னு அடிக்கணும். அடிக்கலன்னா அடிக்கிற வரைக்கும் ஒசத்துவான். இடிஞ்ச சுவர் ஒண்ணு வச்சா மனசு கொஞ்சம் துக்கப்படும். துக்கமும் வேணும் அவனுக்கு. எடது பக்கம் இந்தப் பெரிய மரம் எதுக்கு? கண்ணு அந்தப் பக்கம் வெளிய ஓடிடாம மறிக்கிறதுக்கு. பாதை ஏன் இப்படி நெளியுது? கண்ண இழுத்துக்கிட்டு அருவிக்குப் போறதுக்கு.”

“எங்க பாட்டனார் நடுவுல உக்காந்திருக்காரே, அது எதுக்குன்னு எனக்குத் தெரியும்” என்றார் மீரா சாகிபு. ஸ்டூடியோவில் கலியாணப் படம் எடுக்கும்போது செலவு செய்கிறவர்தானே நடுவில் நாற்காலி போட்டு உட்காருகிறார்? அந்தக் கணக்கு இதற்கும் பொருந்தும் என்பது அவர் முடிவு.

“கண்ணு போற வழியில கொஞ்சம் நிக்கணும். அதுக்கு வெளிச்சத்துல ஒரு கறுப்புப் புள்ளி வேணும்” என்றார் பெர்னார்ட்.

“கறுப்புப் புள்ளியா?”

“உங்க பாட்டனார்” என்று பெர்னார்ட் திருத்திக்கொண்டார்.

“அது சரி, பக்கத்துலயே இம்மாம் பெரிய மரம் நிழல் விட்டுக்கிட்டு நிக்குது. அத விட்டுட்டு நாலு பேரும் ஏன் வெயில்ல உக்காந்திருக்காங்க? புத்தி கெட்டவங்களா?”

பெர்னார்ட் கோப்பிக் கோப்பையைப் பார்த்தார். “படத்துக்கு அங்கதான் வேணும், பாய்.”

மூன்றாம் சனிக்கிழமை வந்தபோது மீரா சாகிபு தேறிவிட்டார். கிட்டே இருக்கும் கோடு அழுத்தமாக இருக்கும், தூரம் போகப் போக மெலியும், கடைசியில் மலை முகட்டில் பென்சில் தாளைத் தொட்டதா இல்லையா என்றே தெரியாது என்று அவரே பெர்னார்டுக்குச் சொன்னார். கடையில் சங்கிலி வாங்க வந்த தொங்கான் படகு முதலாளியை, “வெளிச்சத்த மறைக்காதீங்க, இடது பக்கமா தள்ளி நில்லுங்க லா” என்று விரட்டினார். சாப்பாட்டுத் தட்டில் மீனின் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். இந்த மனுசனுக்கு என்ன கேடு வந்தது என்று சபூரா மந்திரித்த தண்ணீர் கொடுத்துப் பார்த்தார். அதையும் மீரா சாகிபு ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் குடித்தார்.

கமிட்டி வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு கூடுவதாக இருந்தது. வியாழக்கிழமை மத்தியானம் கடையில் ஆள் இல்லை. நாளைக்குப் பேச வேண்டியதை ஒரு தடவை ஒத்திகை பார்க்கலாம் என்று படத்தை விரித்துப் பூதக்கண்ணாடியை வைத்தார். பாட்டனாரின் காலடியில் கண் நின்றது.

கணுக்காலிலிருந்து ஒரு கோடு இடது பக்கத்து ஆளின் கணுக்காலுக்குப் போனது. இத்தனை நாளும் அதைப் புல் என்றோ வேர் என்றோ நினைத்திருந்தார். நினைத்தார் என்றுகூடச் சொல்ல முடியாது, கவனித்ததே இல்லை. இப்போது கவனித்தார். நிழலா? வெளிச்சம் இடது பக்கம். நிழல் வலது பக்கம் போக வேண்டும், இது வெளிச்சத்தைப் பார்த்தே போகிறது. இருட்டுக்கு இழுத்த கோடா? இருட்டுக் கோடுகள் எல்லாம் மழைச் சாரல் மாதிரி ஒரே சாய்வில் இருந்தன. இது மட்டும் தனி. அழுத்தி, நிதானமாக, நடுவில் தொய்ந்து போட்ட கோடு.

அந்தத் தொய்வை அவருக்குத் தெரியும். முப்பது வருஷமாக அவர் கடை முகப்பில் இரண்டு கொக்கிகளுக்கு நடுவே அதைத்தான் தொங்கவிட்டிருக்கிறார். கயிறு இப்படித் தொய்யாது. சங்கிலிதான் தன் பாரத்தில் இப்படி வயிறு தள்ளும். மற்ற இரண்டு ஆட்களையும் பார்த்தார். அவர்கள் நடுவிலும் அதே கோடு. யா அல்லா என்று வாய்விட்டுச் சொன்னார்.

ரிக்ஷா பிடித்து சர்வே ஆப்பீஸுக்குப் போனார். பெர்னார்ட் வெளி வராந்தாவுக்கு வந்தார்.

“காலுல இருக்குறது என்ன, கிராணியாரே?”

“விலங்கு, பாய்.”

“எப்போ பாத்தீங்க?”

“மொத சனிக்கெழம.”

“ஏன்யா சொல்லல?”

“நீங்க கேக்கல.”

ஓங்கி ஒரு அறை விடலாமா என்று மீரா சாகிபுவுக்குத் தோன்றியது. வராந்தாவில் பியூன் நின்றுகொண்டிருந்தான். “மலைய ஆறாயிரம் அடி ஆக்கின பயதானே அவன்? இல்லாத சுவரைக் கட்டினவன்தானே? இதையும் இட்டுக்கட்டி வரைஞ்சிருக்க மாட்டானா?” என்றார். குரல் கெஞ்சலாக வந்தது அவருக்கே கேட்டது.

பெர்னார்ட் கோட்டுப் பித்தானைத் திருகினார். “நானும் அத யோசிச்சேன். அவன் சொன்ன பொய்யெல்லாம் படம் அழகா இருக்கணும்னு சொன்ன பொய். மலை, சுவர், மரம் எல்லாம் படத்துக்கு வேலை செய்யுது. இந்தக் கோடு ஒரு வேலையும் செய்யல. கண்ண எங்கயும் கூட்டிப் போகல. சொல்லப் போனா அந்த எடத்தக் கெடுக்குது. இத விட்டுட்டு வரைஞ்சிருந்தா படம் இன்னும் நல்லா இருந்திருக்கும்.”

“அப்போ எதுக்குப் போட்டான்?”

“அங்க இருந்துச்சு. போட்டான்.”

மீரா சாகிபு அன்று இரவு சாப்பிடவில்லை. பாக்கு வியாபாரம் போயிற்று. வெள்ளைக்காரன் எவனோ பண்டுவான்களின் காவலனிடம் பெயர் கேட்டு எழுதியிருக்கிறான். ஆனால் யாருக்குத் தெரியப் போகிறது? வெளிச்சம் எந்தப் பக்கம் என்று கமிட்டியில் எவனுக்குத் தெரியும்? சும்மா இருந்தால் குடம் தலைக்கு வரும். வாப்பாவின் பெயர் துலங்கும். சும்மா இருப்பது என்று முடிவு செய்து படுத்தார்.

வெள்ளிக்கிழமை கமிட்டியில் அப்துல் ஹமீதையும் சேர்த்து ஆறு பேர். தலைவர் இஸ்மாயில் லெப்பை நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தார். பெர்னார்ட் சாட்சிக்காக ஓரத்தில் நின்றார். மீரா சாகிபு வெளிச்சத்தைச் சொன்னார், கோட்டின் அழுத்தத்தைச் சொன்னார், பாதை நெளிவதைச் சொன்னார். ஆட்களின் கால் பக்கம் போகாமல் மலைக்குத் தாவிவிட்டார். கேட்டவர்கள் வாயைத் திறந்துகொண்டு கேட்டார்கள். இஸ்மாயில் லெப்பை, “மாஷா அல்லா, கயித்துக் கடையில இம்புட்டு அறிவு, இம்புட்டு இல்மு இருந்திருக்கே” என்றார்.

“ஊர்ல மீரான்னு பேர் வச்சவன் ஒருத்தன்தானா?” என்றார் அப்துல் ஹமீது. தடித்த, சிவந்த மனிதர்.

“பினாங்குல அந்தக் காலத்துல அந்தப் பேர்ல வேற யாருன்னு நீங்க சொல்லுங்க” என்றார் லெப்பை.

அப்துல் ஹமீது படத்துக்குக் கிட்டே வந்தார். பூதக்கண்ணாடியைக் கேட்டு வாங்கினார். நேரம் எடுத்துக்கொண்டு பார்த்தார். ஆனால் அவர் பார்த்தது கால்களை அல்ல.

“மீராவுக்கு எடது பக்கம் உக்காந்திருக்காரே” என்றார் கடைசியில், “இந்த மூக்கு எங்க வீட்டு மூக்கு.”

முகமே அரிசி அளவு. மூக்கு இருந்த இடத்தில் ஒரு பென்சில் முனை தொட்டு எடுத்திருந்தது.

“எங்க பாட்டனாரோட வாப்பாதான் இது. சந்தேகமே இல்ல. மீசான் கல்லுல இருக்குறவரு. மௌத்துக்கு நாலு வருஷம் முந்தி வரைஞ்சது. அப்போ ரெண்டு குடும்பமும் ஒரே வருஷம் இங்க இருந்திருக்கு. சமம்னா குடம் ஏற்கெனவே யார்கிட்ட இருக்கோ அவங்ககிட்டயே இருக்கணும். எழுதிக்குங்க லெப்பை.”

லெப்பை எழுதினார். இடப் பக்கத்து ஆள், ஜவுளிக்கடை அப்துல் ஹமீது அவர்களின் முன்னோர். கீழே கையெழுத்து வாங்கினார். அப்துல் ஹமீது பட்டையாகப் போட்டார். மற்ற ஐந்து பேரும், நியாயம்தான், சமம்தானே என்றார்கள்.

மீரா சாகிபுவுக்கு ரத்தம் தலைக்கேறியது. இன்னொரு தடவை பிடுங்குகிறான். வாப்பா கையிலிருந்து தட்டைப் பிடுங்கினான் இவன் வாப்பா, என் கையிலிருந்து படத்தைப் பிடுங்குகிறான் இவன். போகட்டும், எல்லாம் போகட்டும் என்று எழுந்தார்.

“ஹமீது, கண்ணாடிய கீழ எறக்குங்க. மூக்கப் பாத்தது போதும், காலப் பாருங்க. அந்தக் கோடு நிழல் இல்ல. நிழல் வலது பக்கம் போகணும். அது சங்கிலி. நான் சங்கிலி விக்கிறவன், எனக்குத் தெரியும். எங்க வாப்பாவோட பாட்டனார் பண்டுவான். நானே சொல்றேன், எழுதிக்குங்க. அந்தச் சங்கிலியோட இன்னொரு முனை யார் காலுல இருக்குன்னு இவரு இப்பதான் கையெழுத்துப் போட்டாரு.”

லெப்பை பெர்னார்டைப் பார்த்தார். “உண்மையா கிராணியாரே?”

“உண்மைதான்” என்றார் பெர்னார்ட். கேட்டுவிட்டார்கள் அல்லவா.

அப்துல் ஹமீது கண்ணாடியைக் காலுக்கு நகர்த்தினார். இல்லை, இது எங்கள் ஆள் இல்லை, தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், தப்பித்துவிடலாம். அதற்கான பதிலை மீரா சாகிபு நாக்கு நுனியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

“எங்க வீட்டுல அந்த விலங்கு வளையம் இருக்கு” என்றார் அப்துல் ஹமீது.

அவர் யாரையும் பார்க்கவில்லை. “துணியில சுத்திப் பெட்டிக்கு அடியில. வாப்பா மௌத்தாகுறதுக்கு முந்துன நாள் என்னக் கூப்பிட்டு, கடல்ல போட்டுடு, யாருக்கும் தெரியக் கூடாதுன்னு சொன்னாரு. மூணு தடவ சம்பான் படகு எடுத்துட்டுப் போனேன். போட முடியல, திரும்பக் கொண்டாந்துட்டேன்.” கண்ணாடியைக் கீழே வைத்தார். “உங்க வாப்பாவ அன்னிக்கு அப்படிச் சொன்னாரே... எங்களப் பாத்து யாராச்சும் சொல்லிடுவாங்கன்னுதான் அவரு முந்திக்கிட்டாரு. அல்லா அறிய அதுதான்.”

மீரா சாகிபுவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. முப்பத்தொரு வருஷத்துக் கோபத்தை எங்கே கொண்டுபோய் இறக்குவது? அழுகை வந்தது. தோள் துண்டால் துடைத்துக்கொண்டு, “எத்தன ராத்தல் இருக்கும்?” என்றார். இரும்பைப் பற்றி அவருக்குக் கேட்கத் தெரிந்த கேள்வி அதுதான்.

“நிறுத்ததில்ல. வந்து பாக்குறீங்களா?”

இருவரும் எழுந்து போனார்கள். நான் என்னத்தை எழுதுவது என்று லெப்பை பின்னாலிருந்து கேட்டபோது தெருவில் இறங்கிவிட்டிருந்தார்கள்.

அப்துல் ஹமீது தன் வீட்டில் பெட்டியை நகர்த்தி மூட்டையை எடுத்து வந்தார். துணியோடே பாயில் வைத்தார், பிரிக்கவில்லை. மீரா சாகிபுதான் பிரித்தார். வெளிப்பக்கம் முழுக்கத் துரு, ஏடு ஏடாக உரிந்தது. கையில் தூக்கிப் பார்த்து மூன்று ராத்தல் என்றார். கடைப் பழக்கத்தில் கட்டைவிரலை உள்ளே விட்டு ஒரு சுற்றுச் சுற்றினார். உள்பக்கம் கண்ணாடி மாதிரி வழவழவென்று இருந்தது. நங்கூரச் சங்கிலி உராய்ந்து உராய்ந்து இப்படித் தேய எத்தனை வருஷமாகும் என்று அவருக்குத் தெரியும். அங்கே இரும்போடு உராய்வது இரும்பு. இங்கே உராய்ந்தது கணுக்கால்.

“நீங்க இத உள்பக்கம் தொட்டுப் பாத்திருக்கீங்களா?”

“துணியோடதான் தூக்குவேன்.”

“தொட்டுப் பாருங்க” என்று அவர் கையில் வைத்தார்.

அப்துல் ஹமீது விரலை உள்ளே விட்டுத் தடவினார். வெளியே எடுக்க அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.